சுக்குவின் இடது முன்கால்

மல்லி இதுவரை வாந்தி எடுக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். லாலி ரோடு சிக்னல்வரை கூண்டுக்குள் இப்படியும் அப்படியும் உருண்டாள், கம்பிக் கதவை ஒரு தரம் கடித்துப் பார்த்தாள், இப்போது அடங்கிப்போய் என் செருப்பையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். நாலு மணிக்கு ஒண்டிப்புதூர் தாண்டி ஒரு பேக்கரி வாசலில் லோகநாதன் நிற்பான். மல்லியை அவன் கையில் கொடுத்து, அவன் வீட்டுக்குப் போய், சுக்குவைக் கண்ணால் பார்த்து, தலையை ஒரு தரம் தடவிவிட்டு இதே ஆட்டோவில் திரும்பிவிடலாம். இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. பின்னே ஏன் காலையிலிருந்து எதுவோ உறுத்துகிறது என்றுதான் தெரியவில்லை. எதையோ பார்த்திருக்கிறேன், பார்த்தது என்ன என்பது மறந்துவிட்டது, மறந்த அந்த ஒன்று மட்டும் உள்ளே நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது. பாதி வழியில் வீட்டைப் பூட்டினோமா என்று வருமே, அந்த மாதிரி. வீட்டைப் பூட்டினேன். மல்லியின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டேன். மாத்திரையும் பையில் இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. "ஏனுங்கம்மிணி, கூண்டை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சுக்குங்க, உக்கடத்துல பஸ்காரன் ஒரசுவான்" என்றார் ஆட்டோ ஓட்டுகிற சென்னியப்பன். அவர் எங்கள் நாய்க் காப்பகத்துக்கு நாலு வருஷமாக ஓட்டுகிறவர். நாய் முடிக்கு முகம் சுளிக்காத ஒரே ஆட்டோ வடவள்ளியில் அவருடையதுதான். தள்ளி வைத்தேன்.

சுக்குவைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது. படத்தில் பார்ப்பது வேறு. எங்கள் காப்பகத்தில் நாய்களுக்குச் சமையலறைப் பெயர்தான் வைப்போம், யார் ஆரம்பித்தது என்று தெரியாது, கசகசா என்று ஒருத்தி இருந்தாள், புளி என்று ஒரு கிழவன் இன்னும் இருக்கிறான். சுக்கு, பெயருக்கேற்ற நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு கைக்குட்டை அளவு வெள்ளை. நாலு மாதம் என் நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தான். யாராவது நாயைத் தத்து கேட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தால் மெல்ல வெளியே வந்து அவர்கள் காலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் என் பாதத்தின் மேல் முகவாயை வைத்துக்கொள்வான். எனக்கு அவனைக் கொடுக்க மனசில்லை, அதுதான் உண்மை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் என் வீடு இரண்டாம் மாடியில் ஒரு படுக்கையறை, வீட்டுக்காரருக்கு நாய் ஆகாது, மாதாமாதம் ஒரு தரம் மூக்கை நீட்டிக்கொண்டு வருவார். அதனால் இவனுக்கு நல்ல இடம் வரட்டும் என்று எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினேன். ஒருத்தர் மாடியில் கட்டிப்போடுவேன் என்றார். ஒருத்தர் தோட்டக் காவலுக்கு என்றார். ஒரு அம்மா, கருத்தடை ஆபரேஷன் காயமெல்லாம் ஆறி முடியெல்லாம் முளைச்சு அழகானதுக்கு அப்புறம் எடுத்துக்கறேன் என்றாள். அப்புறம் வந்தவன்தான் லோகநாதன். போனில் வந்தான். அந்தக் குரலிலேயே எனக்குள் பாதி முடிவாகிவிட்டது.

இருபத்தாறு வருஷம் தொலைபேசி இலாகாவில் விசாரணைப் பிரிவில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். நம்பர் கேட்கிறவன் குரலை வைத்தே அவன் கடன்காரனைத் தேடுகிறானா, கல்யாணம் சொல்லத் தேடுகிறானா என்று சொல்லிவிடுவேன். இந்திராணியின் காதுக்கு எதுவும் தப்பாது என்று ஆபீசில் ஒரு பேச்சே உண்டு. அந்தக் கர்வத்தை ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலையோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். லோகநாதனின் குரலில் அவசரம் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "ங்க", அதுவும் ஒட்டவைத்த மாதிரி இல்லாமல் தானாக வருகிற "ங்க". "அம்மாவுக்குத் துணைக்கு ஒண்ணு வேணுங்க்கா. செவலையா இருந்தாப் போதுங்க. ஆபரேஷன் ஆனதும் குடுத்துருங்க, காயம் ஆற வரைக்கும் நானே பாத்துக்கறேனுங்க. அந்த நேரத்துலதானுங்க அதுக்கு ஒரு வீடு வேணும்." இந்தக் கடைசி வரியை நான் காப்பகத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். பதினேழு பேர் கை கூப்பினார்கள். காயம் ஆறி அழகான பிறகு நாயைக் கேட்கிற ஊரில், காயத்தோடு கேட்கிறவன் ஒருவன். வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு நல்ல ஆடிக் காற்று, மழை வேறு, எனக்கு முழங்கால் வலி. வீடியோவில் காட்டுங்கள் என்றேன். காட்டினான். மொட்டைமாடிச் சுவர் உயரமாக இருக்கிறதா? ஆமாங்க. கேட்டுக்குத் தாழ்ப்பாள் உண்டா? ஆமாங்க. பகலில் அம்மா வீட்டில்தானே இருப்பார்கள்? ஆமாங்க. தண்ணீர்த் தொட்டியும், நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மாளும் தெரிந்தார்கள். அந்த அம்மாள் திரும்பவே இல்லை. காது கேட்காதுங்க என்றான். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவனே வந்து சுக்குவைத் தூக்கிக்கொண்டு போனான். சுக்கு அவன் தோளுக்கு மேலாக என்னையே பார்த்தான். அதை நான் அதிகமாக நினைப்பதில்லை.

உக்கடம் தாண்டிவிட்டது. குளத்துக் காற்று மூக்கில் ஏறியதும் மல்லி எழுந்து நின்றாள், நின்றதும் தலை இடித்தது, மறுபடி படுத்தாள். "பொறுடி தங்கம்" என்றேன். தைப்பூசம் முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வெயில் இப்படி. பிலோமினா டீச்சரும் நேற்று இந்த வெயிலில்தான் குடைகூட இல்லாமல் காப்பகத்துக்கு வந்தார். அடடா, அதுதான் உறுத்துகிறதோ? அந்த அம்மாவை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவருடைய நாய் ரூபன், அதுவும் செவலைதான், மூன்று வாரத்துக்கு முன் பட்டாசு சத்தத்துக்குப் பயந்து ஓடிவிட்டது. தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார், நிறம், வயசு, நெஞ்சில் வெள்ளை, தன் போன் நம்பர், எல்லாம். மூன்றாம் நாள் ஒரு போன். உங்க நாய் எங்ககிட்ட இருக்குதுங்க, வண்டியில அடிபட்டுக் கிடந்துச்சுங்க, ஆஸ்பத்திரியில சேத்திருக்குது, வைத்தியத்துக்குப் பணம் அனுப்பினா நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுவந்து விடறோமுங்க என்று. கூடவே ஒரு படம். அனுப்பிவிட்டார். மறுநாள் ஈரல் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். போன் அணைந்துவிட்டது. அதற்கு மறுநாளும் உட்கார்ந்திருந்தாராம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாய் தொலஞ்சா எல்லா அடையாளத்தையும் நோட்டீஸ்ல போடாதீங்க, ஒண்ணை மறச்சு வெச்சுக்குங்க, போன் பண்றவன்கிட்ட அதைக் கேளுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றோமே டீச்சர், நீங்களே நாலு பேருக்குச் சொல்ல வேண்டியவங்க" என்று சத்தம் போட்டேன். "சரி, ஏமாத்திட்டான்னு தெரிஞ்ச பெறகும் மறுநா எதுக்கு வாசல்ல உக்காந்தீங்க?" என்று வேறு கேட்டேன். அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார்: "ஒருவேளை வந்துருச்சுன்னா, யாரும் இல்லாம இருக்கக் கூடாதுல்லீங்க." நான் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் கிளம்புவதற்குமுன் அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பிவைத்தார், மற்றவர்களை எச்சரிக்க உதவுமே என்று. திறந்து சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

இல்லை, பார்த்தேன். பார்த்தேன், ஆனால் எதை?

போன் கிண்ணென்றது. லோகநாதன். "சுக்கு உங்களுக்காகக் காத்துட்டு இருக்குதுங்க்கா" என்று எழுதி ஒரு படம். வாசற்படியில் சுக்கு, நாக்கை வெளியே போட்டுக்கொண்டு, காதைப் பின்னால் தள்ளிக்கொண்டு. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். இந்தப் பிள்ளை ஒரு மாதம் தவறியதில்லை. தத்துக் கொடுத்தால் வருஷம் முழுக்க மாதம் ஒரு படம் அனுப்ப வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறோம், பாதிப் பேர் இரண்டாம் மாதமே மறந்துபோவார்கள், நானும் விரட்டி விரட்டிக் களைத்துப்போவேன். இவன் மட்டும் நாள் கிழமை பார்த்து அனுப்புவான். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் சுக்கு. ஆயுத பூஜைக்கு நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு சுக்கு. தீபாவளிக்குக் கழுத்தில் ஜரிகைத் துண்டு. கார்த்திகைக்கு ஐந்து அகல் விளக்கு. இப்போது பொங்கலுக்கு இரண்டு கரும்புக்கு நடுவில். ஒவ்வொன்றையும் குழுவில் போட்டு, நாய் வளர்ப்பதென்றால் இப்படி வளர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன், வழக்கம்போல, மனசு லேசாகட்டும் என்று. லேசாகவில்லை. கரும்புப் படத்தில் விரல் நின்றது. என்ன? சுக்கு இளைத்திருக்கிறானா? இல்லை. பருத்திருக்கிறானா? அதுவும் இல்லை. அன்றைக்கு எப்படிப் போனானோ அப்படியே இருக்கிறான். நல்லதுதானே. நல்லதுதான். சுங்கம் சிக்னலில் ஆட்டோ நின்றது, பக்கத்து பைக்கில் ஒரு பெண்குழந்தை கூண்டைக் காட்டி அதன் அப்பாவிடம் ஏதோ சொன்னது, மல்லி கம்பிக்கு இடையே ஒரு காலை வெளியே நீட்டினாள்.

இடது முன்கால். முழங்காலுக்குக் கீழே முடியை மழித்த இடம், சதுரம், நாலு ஓரமும் கத்தியால் வெட்டிய மாதிரி. மயக்க ஊசிக்கு நரம்பு தேட மழிப்பார்கள். வேறு ஆஸ்பத்திரிகளில் கண்டபடி சுரண்டி விடுவார்கள், எங்கள் டாக்டர் சித்ரலேகா மட்டும் தபால் தலை ஒட்டலாம் போலச் சதுரமாக எடுப்பார், நாங்கள் கேலி செய்வோம், பார்த்தாலே நம்ம வீட்டு வேலை என்று தெரியும். மூன்று நாளைக்கு முன்தான் மல்லிக்கு ஆபரேஷன். அதனால் தோல் ரோஸ் நிறத்தில் பளிச்சென்று தெரிகிறது. சுக்குவுக்கும் இப்படித்தான் இருந்தது. படத்தில்கூட இருக்கிறது. இதோ, வாசற்படியில், இடது முன்கால், அதே சதுரம்.

சிக்னல் விழுந்தது. ஆட்டோ கிளம்பியது. இருக்கிறது, சரி. ஆடி மாதம் ஆபரேஷன். இது தை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. விரலால் எண்ணினேன், எண்ணிய விரலைத் திரும்ப மடக்கி மறுபடி எண்ணினேன். கொழுக்கட்டைப் படத்தைத் திறந்தேன், சதுரம். சந்தனப் படம், சதுரம். அகல் விளக்கு வெளிச்சத்தில் சதுரம் ஈரமாக மின்னுகிறது. கரும்பு, சதுரம். முடி முளைக்கவே இல்லை. ஏதாவது தோல் வியாதியாக இருக்கும். சில நாய்களுக்கு முளைக்காது, புளிக்கு முதுகில் ஒரு இடம் வழுக்கையாகவே நின்றுவிட்டதே. ஆனால் புளிக்கு அது கொதிதண்ணீர் பட்ட இடம். சரி, திரும்பவும் ஏதாவது ஊசி போட்டிருப்பான், திரும்ப மழித்திருப்பார்கள். அதே இடத்தில்? அதே அளவில்? மாதாமாதம்? டாக்டருக்குப் போன் போட்டேன். பின்னால் ஏதோ நாய் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. "டாக்டர், ஊசிக்கு மழிச்ச முடி எத்தனை நாள்ல முளைக்கும்?" "ஒரு மாசத்துல மூடிரும்க்கா. ரெண்டு மாசம் போனா எங்க மழிச்சேன்னு எனக்கே தெரியாது. ஏன், யாருக்கு?" "சும்மா கேட்டேன்." "மல்லி நல்லா இருக்குல்ல? தையலை நக்க விடாதீங்க." நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். போனை மடியில் வைத்தேன், மல்லி அதை மோந்து பார்க்க மூக்கை நீட்டினாள்.

அப்படியென்றால் இவையெல்லாம் ஒரே நாளில் எடுத்தவை. கரும்பு எப்படி? ஆடியில் கரும்பு ஏது? ஜூஸ் கடையில் வருஷம் முழுக்கக் கரும்பு நிற்கிறது. அகல் வாங்க கார்த்திகை வரவேண்டியதில்லை. சந்தனம் எப்போதும் இருக்கிறது. வருஷத்துக்கு மாதம் ஒரு படம் என்று விதி போட்டு அவனிடம் கையெழுத்து வாங்கியவள் நான்தானே, அவன் அந்த விதியைப் படித்திருக்கிறான், படித்துவிட்டு ஒரே பகலில் சுக்குவை உட்காரவைத்து, தட்டை மாற்றி, துண்டை மாற்றி, ஒரு வருஷத்துப் பண்டிகை எல்லாவற்றையும் கொண்டாடி முடித்திருக்கிறான். தையல் பிரியாத காயத்தோடு சுக்கு உட்கார்ந்திருந்திருக்கிறான். உட்கார் என்றால் உட்காருவான், அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். அதற்கு அடுத்த நாள்? ஆவணி முதல் நாள் சுக்கு எங்கே இருந்தான்? இதை யோசிக்காதே. இப்போது யோசிக்காதே. ஆட்டோ ராமநாதபுரம் தாண்டுகிறது, வெளியே பார், துணிக்கடை, பாத்திரக்கடை, மனிதர்கள் நடக்கிறார்கள். பிலோமினா டீச்சர் அனுப்பிய படம் போனில் இருக்கிறது. அதைத் திறக்காதே.

திறந்தேன். தினத்தாள் விரித்த தரை, அதன்மேல் ஒரு செவலை நாய் பக்கவாட்டில் படுத்திருக்கிறது, முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, ஒரு கால் மட்டும் கேமராவுக்கு நேராக நீட்டி இருக்கிறது, நீட்டி வைத்திருக்கிறார்கள். இடது முன்கால். ரோஸ் நிறத்தில் சதுரம். கீழே எழுதியிருக்கிறது, "பாருங்க, டிரிப்ஸ் ஏத்த முடி எடுத்திருக்குதுங்க." டீச்சர் என்ன செய்வார்? மழித்த காலைப் பார்த்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? அடிபட்டதற்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கும் அதைவிடச் சாட்சி எது? அந்தச் சாட்சியை எங்கள் டாக்டர் கையால் செய்து, நான் கையெழுத்துப் போட்டு, தடுப்பூசி அட்டையோடு அவன் தோளில் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். காயம் ஆறுவதற்கு முன்னால் கொடுங்கள் என்று ஏன் கேட்டான் என்று இப்போது தெரிகிறது. காயம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. செவலையாக இருந்தால் போதும் என்று ஏன் சொன்னான் என்றும் தெரிகிறது, இந்த ஊரில் தொலைகிற நாய்களில் பாதி செவலை. போன வாரம் போன் செய்து, "சுக்கு தனியா இருக்குதுங்க்கா, ஜோடிக்கு ஒண்ணு, ஆபரேஷன் ஆனதா, சூட்டோட சூடா" என்றபோது எனக்குக் கண் கலங்கியது. எத்தனை டீச்சர்கள் எத்தனை வாசல்களில் உட்கார்ந்தார்களோ. நேற்று நான் அந்த அம்மாவிடம்தான் சத்தம் போட்டேன்.

"அம்மிணி, முகமே ஒரு மாதிரி இருக்குது. தலை சுத்துதுங்களா? ஓரமா நிறுத்தட்டுங்களா?" "வேண்டாங்க, போங்க." போகத்தான் வேண்டும். வண்டியைத் திருப்பச் சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். திரும்பினால் மல்லி பிழைத்தாள், சரி. சுக்கு? அவன் கொடுத்த அடையாள அட்டையில் பொள்ளாச்சிப் பக்கத்து விலாசம், பழசுங்க, இப்ப வாடகை வீடுங்க என்றான், நானும் சரி என்றேன். வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றபோதுகூட, "நீங்க எதுக்குங்க்கா அலையோணும்" என்றான், நான் பிடிவாதம் பிடித்த பிறகு, "சந்துக்குள்ள ஆட்டோ வராதுங்க, பேக்கரி முன்னால நிக்கறேனுங்க" என்றான். என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பர், அது இன்று சாயங்காலம் அணைந்துவிடும். போலீசுக்குப் போகலாம், போவேன், ஆனால் போலீஸ் ஒரு தெருநாய்க்காக யாரைத் தேடும்? கோபத்தைக் காட்டினால் அவன் போய்விடுவான், சுக்குவிடம் போக எனக்கு இருக்கிற ஒரே வழியும் அவனோடு போய்விடும். ஒன்றும் தெரியாதவளாக இருக்க வேண்டும். மல்லியைக் கொடுக்கக் கூடாது. இரண்டும் எப்படி? சிங்காநல்லூர் வந்துவிட்டது. ஆறு மாதமாக அவனிடம் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். நல்லா சாப்பிடுகிறானா? ஆமாங்க. ராத்திரி அம்மாகிட்டேதான் படுக்கிறானா? ஆமாங்க. குலைக்கிறானா? இப்பெல்லாம் இல்லைங்க. எல்லாப் பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறேன், அவன் எடுத்துத் திருப்பிக் கொடுத்தான், அவ்வளவுதான். டீச்சரிடம் என்ன சொன்னேன், ஒரு அடையாளத்தை மறைத்து வையுங்கள் என்று. நானும் மறைத்து வைப்பேன். காலில் முடி முளைத்ததா என்று கேட்கமாட்டேன். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பேன். உண்மையிலேயே சுக்கு அவன் வீட்டில் இருந்தால் எந்தக் காலுங்க்கா என்று கேட்பான். கேட்க வேண்டும். கடவுளே, எந்தக் காலுங்க்கா என்று அவன் கேட்டுவிடட்டும், நான் பைத்தியக்காரி என்று ஆகிவிடட்டும், இந்த ஒரு மணி நேரமும் வெயிலில் எனக்கு மூளை கலங்கியதாகவே இருக்கட்டும்.

பேக்கரி வாசலில் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிஸ்கட் பாக்கெட். ஆட்டோ நிற்பதற்குள் குனிந்து கூண்டைப் பார்த்துவிட்டான். முதலில் பார்த்தது முகத்தை அல்ல. காலை. நான் அதைப் பார்த்தேன். "வாங்க்கா, வெயில்ல ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க. டீ சொல்லட்டுங்களா?" மல்லி வாலை ஆட்டினாள், பிஸ்கட் வாசனைக்கு. கூண்டின் கைப்பிடியை நான் விடவில்லை. என் குரல் எப்படி வந்ததோ, சாதாரணமாகத்தான் வந்தது.

"சுக்குவோட கால் எப்படி இருக்கு?"

"அது நல்லாருக்குதுங்க்கா" என்றான் உடனே. "அந்த மழிச்ச எடத்துல மட்டும் முடி இன்னும் முளைக்கலைங்க. மத்தபடி ஓடிட்டு ஆடிட்டு இருக்குதுங்க."

அந்தக் குரலில் ஒரு தடுக்கல் இல்லை. இருபத்தாறு வருஷத்துக் காதை வைத்துக்கொண்டு உற்றுக் கேட்டேன், ஒன்றும் இல்லை, போன வருஷம் எப்படி நம்பினேனோ அப்படியே நம்பச் சொல்கிறது. இவன் சுக்குவைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது. இவனும் என்னைப் போலப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். "மல்லியக் குடுங்க்கா, பின்னாலயே நடந்து வாங்க, ரெண்டு நிமிஷந்தானுங்க" என்று கையை நீட்டினான். "வேண்டாம் லோகு" என்றேன், லோகு என்று அவனை நான் கூப்பிட்டதே இல்லை, எங்கிருந்து வந்ததோ. "முழங்கால் நடக்க விடாது. சுக்குவை இங்க கூட்டிட்டு வாங்க. ரெண்டையும் மோந்து பாக்க விட்டு, சேருதான்னு பாத்துட்டு, இங்கயே குடுத்துட்டுப் போறேன். அது காப்பகத்து விதி." அவன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான், ஒரு டீ ஆற்றுகிற நேரம்கூட இல்லை. பிறகு சிரித்தான். "சரிங்க்கா. பத்து நிமிஷத்துல வந்துடறேனுங்க." பிஸ்கட் பாக்கெட்டை ஆட்டோ இருக்கையில் வைத்துவிட்டுப் பேக்கரிக்குப் பக்கத்துச் சந்தில் நடந்து போனான். அவசரப்படவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. சந்து வளைகிற இடத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது, அதற்கு அப்பால் தெரியவில்லை.

சென்னியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சொல்லும்போது எனக்கே சின்ன விஷயமாகத் தெரிந்தது, ஒரு சதுரம், கொஞ்சம் முடி. அவர் பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். சந்துவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அந்தப் பக்கம் மெயின் ரோட்டுல ஏறுது அம்மிணி. வீடெல்லாம் ஒண்ணுமில்லீங்க, ஒரு குடோனு, பொறவு மதில் செவுரு." தெரியும் என்று தலையாட்டினேன். பத்து நிமிஷம் ஆகிவிட்டது. இருபதும் ஆகிவிட்டது. பேக்கரிக்காரர் வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். செவலை நிறத்தில் எது நகர்ந்தாலும் கழுத்து தானாகத் திரும்புகிறது, ஒரு கன்றுக்குட்டி, ஒரு பெண்ணின் துப்பட்டா. அப்போது போன் கிண்ணென்றது. லோகநாதன். எடுக்கும்போது என் நெஞ்சு என்ன நினைத்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஒருவேளை என்று நினைத்தது.

"கெளம்பிட்டோமுங்க்கா, வந்துட்டே இருக்கோமுங்க." கூடவே படம், அவசரத்தில் எதையோ தொட்டு அனுப்பியிருக்கிறான். சுக்கு உட்கார்ந்திருக்கிறான். காதைப் பின்னால் தள்ளிக்கொண்டு, உட்கார் என்றால் உட்காருவானே அப்படி. இடது முன்காலில் சதுரம். அவனுக்கு முன்னால் ஒரு தாம்பாளம், அதில் முகம் பார்க்கும் கண்ணாடி, வெற்றிலை, எலுமிச்சை, மூன்று மாம்பழம். சித்திரைக் கனி. தையில் எந்தக் கடையில் மாம்பழம்? சித்திரை வர இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. வரப்போகிற வருஷப் பிறப்பு அன்றைக்கு எனக்கு அனுப்ப எடுத்துவைத்த படம். நான் அதைக் குழுவில் போட்டிருப்பேன். கை கூப்பியிருப்பார்கள். தாம்பாளத்துக் கண்ணாடியில் சுக்குவின் முகவாய் மட்டும் கொஞ்சம் தெரிகிறது, என் பாதத்தில் வைத்துக்கொள்வானே, அந்த முகவாய். போனில் திருப்பிக் கூப்பிட்டேன். அணைந்திருந்தது.

"போலாங்களா அம்மிணி? அப்படியே ஸ்டேசனுக்கு வண்டிய உடறேன்" என்றார் சென்னியப்பன், சாவியைத் திருகிக்கொண்டே.

போகலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டும், குழுவில் எழுத வேண்டும், டீச்சர் வீட்டுக்குப் போய் அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லாம் தெரிகிறது. மல்லி கம்பிக்கு இடையே காலை வெளியே விட்டு என் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள். நான் சந்துப் பக்கம் பார்த்தேன். தண்ணீர் லாரி கிளம்பிப் போயிருந்தது, மதில் சுவர் முடிகிற இடம்வரை வெறிச்சென்று கிடந்தது.

"இன்னும் ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டுப் போலாங்க" என்றேன்.